குளிர்ந்த மதுசாரமும் சுழலும் கிண்ணமும்



காரைதீவிலோ நிந்தவூரிலோ சாய்ந்தமருதிலோ உள்ள எந்த அடுக்களையிலும் நாள்தோறும் நடைபெறும் ஒரு செயலை எடுத்துக்கொள்வோம். தேங்காயைத் துருவி, சிறிது நீர் விட்டுப் பிசைந்து, முதற்பாலைப் பிழிந்தெடுக்கிறார்கள். மீண்டும் நீர் விட்டு இரண்டாம் பாலை எடுக்கிறார்கள். மூன்றாம் முறை பிழிந்த பின்னரும் கையில் எஞ்சும் சக்கை ஈரமாகவே இருக்கிறது. அந்த ஈரத்திலும் பால் உண்டு. ஆனால் அதை வெளிக்கொணரக் கையின் வலிமை போதவில்லை. ஒரு பொருளை நீர்மத்தின் துணைகொண்டு பிரித்தெடுக்கும் தொழில் எதுவாயினும், சக்கையில் தங்கிவிடும் இந்த ஈரமே அத்தொழிலின் பெரிய நட்டமாகும். அடுக்களையில் அந்த நட்டம் கோழிக்கு இரையாகிவிடும். அதைப் பற்றி யாரும் வருந்துவதில்லை. பிரித்தெடுக்கப்படும் பொருள் மனிதர் தம் கையை நீட்டித் தானமாக அளித்த குருதியிலிருந்து வரும் மருந்தாக இருக்குமாயின் அந்த ஈரத்தை அவ்வாறு விட்டுவிட முடியாது. குருதியிலிருந்து மருந்தைப் பிரிப்பதற்குக் குளிர்ந்த மதுசாரமும் வேகமாகச் சுழலும் கிண்ணமும் எவ்வாறு இணைந்து தொழிற்படுகின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சுழலும் கிண்ணம் என்றேனே, அதற்கு மையநீக்கி என்று பெயர். வயலில் கதிர் முற்றும் காலத்தில் குருவிகளை விரட்டக் கவண் சுழற்றியவர்கள் இதன் தத்துவத்தைக் கையாலேயே அறிவார்கள். சுழலும் கல் நேர்கோட்டிற் செல்லவே முயல்கிறது. கயிறு அதைத் தடுத்து வளைக்கிறது. கயிற்றை விட்டதும் கல் பறந்துவிடுகிறது. துணி துவைக்கும் இயந்திரத்தின் துளையிட்ட உருளையில் நனைந்த ஆடைகள் சுழலும்போது நீர் துளைவழியே வெளியேறுவதும் இவ்வாறே. மூடிய கிண்ணத்துள் ஒரு கலங்கல் நீர்மத்தை வைத்துச் சுழற்றினால், அடர்த்தி மிகுந்த துகள்கள் சுவரை நோக்கிச் சென்று ஒட்டிக்கொள்கின்றன. தெளிந்த நீர்மம் நடுவில் நிற்கிறது. ஒரு குவளையை மேசைமேல் வைத்துவிட்டால் வண்டல் தானாகவே அடியிற் படியும் என்பது உண்மையே. ஆனால் அங்கே வேலை செய்வது பூமியின் ஈர்ப்பு ஒன்றே. மையநீக்கியில் அந்த ஈர்ப்பைப் போல ஆயிரமாயிரம் மடங்கு வலிமையை உண்டாக்கிவிடலாம். நாட்கணக்கில் படியவேண்டியது நிமிடக்கணக்கில் படிகிறது.

கல்முனையிலே இரண்டு பெரிய வைத்தியசாலைகள் உள்ளன: ஒன்று அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, மற்றையது கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை. கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசல் முன்றிலிலும் பாடசாலையிலும் நடைபெறும் இரத்ததான முகாம்களில் நம்மவர் அளிக்கும் குருதி, ஒரு பைக்கு ஏறக்குறைய 450 மில்லிலீற்றர் அளவினது. அந்தப் பை முழுதாகவே ஒரு நோயாளிக்கு ஏற்றப்படும் காலம் பெரும்பாலும் போய்விட்டது. குளிரூட்டப்பட்ட மையநீக்கியில் வைத்துச் சுழற்றினால் செங்குருதிக் கலங்கள் அடியிலும் இளமஞ்சள் நிறத் திரவம் மேலுமாகப் பிரிகின்றன. மேலே நிற்பதுதான் குருதித் திரவவிழையம். பிளாஸ்மா என்றும் வழங்குவர். ஒரு பையிலிருந்து ஏறக்குறைய 220 மில்லிலீற்றர் கிடைக்கும். அந்த மஞ்சள் நீரைப் பார்ப்பவர்க்கு அது சாதாரண நீராகவே தோன்றும். அதனுள்ளே அல்புமின் இருக்கிறது; அது குருதி நாளங்களுக்குள் நீரைப் பிடித்துவைக்கும் புரதம்; பெருந்தீக்காயம் பட்டவர்க்கும் ஈரல் நோயாளர்க்கும் வேண்டுவது. இம்யூனோகுளோபுலின் இருக்கிறது, அது நோயெதிர்ப்புப் புரதம். குருதியை உறையச் செய்யும் பைபிரினோஜனும் வேறு காரணிகளும் இருக்கின்றன. றீசஸ் எதிர்க் குருதியுள்ள தாய், றீசஸ் நேர்க் குருதியுள்ள குழந்தையைப் பெற்றால், 72 மணி நேரத்துக்குள் அவளுக்கு ஓர் ஊசி போடுவார்கள்; அடுத்த மகவைக் காக்கும் அந்த ஊசிமருந்தும் இத்தகைய திரவவிழையத்திலிருந்து பிரித்த புரதமே.

பல புரதங்கள் ஒரே நீரிற் கரைந்து கலந்து நிற்கின்றன. இவற்றை ஒன்றொன்றாகப் பிரிப்பது எப்படி? இக்கேள்விக்கு விடை கண்டவர் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வின் கோன் என்னும் இரசாயன அறிஞர். கோன் 1892ஆம் ஆண்டில் நியூயோர்க்கிற் பிறந்தவர். அதே ஆண்டில்தான் காரைதீவில் விபுலானந்த அடிகளும் பிறந்தார். அடிகள் துறவு பூணுமுன் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் கற்பித்தவர். 1930களில் சென்னையில் விஞ்ஞானச் சொற்களைத் தமிழாக்க நடந்த பெருமுயற்சியில் முன்னின்று உழைத்தவர். இன்று இத்தகையதொரு பொருளைத் தமிழிலேயே வானொலியில் பேச முடிகிறதென்றால், அவர் போன்றோரின் உழைப்பும் அதற்கு ஒரு காரணம். இனி, பேச்சுக்கு வருவோம்.

1940ஆம் ஆண்டு, ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டது. போர்க்களத்துக்குக் கொண்டுசெல்லத்தக்கதும், கெடாததும், சிறு புட்டியில் அடங்குவதுமான ஒரு குருதிப் பதிலீடு வேண்டுமென்று கோனிடம் கேட்டார்கள். அவர் அல்புமினைத் தேர்ந்தார். அதைப் பிரிக்க அவர் கையாண்ட கருவி எதனோல், அதாவது சாதாரண மதுசாரம். 1941ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 7ஆம் திகதி ஹவாயின் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டபோது, தீக்காயமுற்றோர்க்கு இந்தப் புதிய அல்புமின் ஏற்றப்பட்டது. முழுச் செய்முறை 1946இல் விரிவாக வெளியிடப்பட்டது. ஆறாம் முறை என்று அது பெயர்பெற்றது. சுவிற்சர்லாந்தில் கிஸ்லர், நிற்ஷ்மான் என்னும் இருவர் 1962இல் அதைச் சுருக்கி எளிதாக்கினர். இன்றும் உலகின் பெரும்பாலான ஆலைகளில் அடிப்படையாக நிற்பது அந்தக் குளிர்ந்த மதுசார முறையே.

மதுசாரம் புரதத்தை எவ்வாறு பிரிக்கிறது? ஒரு முட்டையின் வெள்ளைக்கருவைக் கிண்ணத்தில் விட்டு அதன்மேல் மருந்துக் கடையில் விற்கும் ஸ்பிரிற்றை ஊற்றிப் பாருங்கள். பளிங்குபோல் இருந்த வெள்ளைக்கரு அடுப்பில் வைத்ததுபோல வெண்மையாகக் கட்டிபடும். பிறகு எவ்வளவு நீர் விட்டாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. புரதம் வெந்துவிட்டது என்றே சொல்லலாம். இந்தச் சோதனையில் மதுசாரத்தின் இரு செயல்கள் ஒருங்கே தோன்றுகின்றன. முதலாவது, நீரின் கரைக்கும் ஆற்றலைக் குறைத்துப் புரதத்தைக் கரைசலிலிருந்து வெளியேற்றுவது. இது நமக்கு வேண்டியது. இரண்டாவது, புரதத்தின் மடிப்புகளை அவிழ்த்து அதன் இயல்பைக் கெடுப்பது. இது நமக்கு வேண்டாதது. முதற் செயலை வைத்துக்கொண்டு இரண்டாவதை விலக்குவது எப்படி என்பதுதான் முழுச் சிக்கலும்.

விடை குளிர். வெப்பநிலையைப் பூச்சியத்துக்குக் கீழே கொண்டுபோனால் புரதம் வீழ்படிவாகிறது. ஆனால் அதன் மடிப்பு அவிழ்வதில்லை. பின்னர் அந்த வீழ்படிவை எடுத்து மதுசாரமற்ற நீரிற் கரைத்தால் உயிர்ப்புடன் மீண்டும் கரைகிறது. பூச்சியத்துக்குக் கீழே நீர் உறைந்துவிடாதா என்று நேயர் கேட்கலாம். மதுசாரம் கலந்த நீர் அவ்வெப்பநிலையில் உறைவதில்லை. புரதத்தை விழச் செய்யும் பொருளே உறைதலையும் தடுக்கிறது. ஆனால் ஓர் இடையூறு உண்டு. மதுசாரத்தையும் நீரையும் கலந்தால் கலவை தானாகவே சூடாகிறது. ஆகவே மதுசாரத்தை முன்னரே நன்கு குளிரவைத்து, மெல்லிய தாரையாக, கலக்கிக்கொண்டே, மணிக்கணக்கிற் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு ஓரிடத்தில் கொட்டினால் அந்த இடத்துப் புரதம் முட்டை வெள்ளைக்கருவின் கதியையே அடையும்.

கோனின் திறமை இத்தோடு நிற்கவில்லை. மதுசாரத்தின் அளவு, வெப்பநிலை, அமிலத்தன்மை, உப்பின் அளவு, புரதத்தின் செறிவு ஆகிய ஐந்தையும் ஐந்து திருகுகளாகக் கருதி, ஒவ்வொன்றையும் தனித்தனியே திருப்பினார். ஒவ்வொரு புரதத்துக்கும் மின்னேற்றம் சமனாகும் ஓர் அமில நிலை உண்டு. அந்நிலையில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளுவது ஓய்ந்து, ஒட்டித் திரண்டு, எளிதில் விழுந்துவிடும். முதலில் 8 வீத மதுசாரம், -3 பாகை செல்சியசு, பீஎச் எண் 7.2: பைபிரினோஜன் விழுகிறது. அடுத்து 25 வீதம், -5 பாகை, பீஎச் 6.9: இம்யூனோகுளோபுலின்கள் விழுகின்றன. இடையிலே வேறு சில புரதங்களை அகற்றிய பின்னர், 40 வீத மதுசாரத்தில் பீஎச் எண்ணை 4.8க்கு இறக்கினால், இறுதிவரை கரைந்தே நின்ற அல்புமின் விழுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு வீழ்படிவை எடுத்துவிட்டு, தெளிந்த நீர்மத்தை அடுத்த படிக்கு அனுப்புகிறார்கள்.

எடுத்துவிட்டு என்று ஒரு சொல்லிற் சொல்லிவிட்டேன். உண்மையில் தொழிலின் கடினம் அங்கேதான் இருக்கிறது. விழும் புரதம் மணல்போல் இருப்பதில்லை. அது கஞ்சிபோல், வழுவழுப்பாக, மிக நுண்ணிய துகள்களாக இருக்கிறது. துணியில் வடிகட்டினால் சிறிது நேரத்தில் துணியின் கண்கள் அடைபட்டுவிடும். படியட்டும் என்று விட்டுவைத்தால் நெடுநேரம் ஆகும். அவ்வளவு நேரமும் புரதம் மதுசாரத்தினுள் கிடக்கிறது. குளிர் கெடுதலைத் தாமதப்படுத்துமே தவிர முற்றாக நிறுத்திவிடாது. ஆகவே விரைவும் குளிரும் ஒருசேர வேண்டும். மையநீக்கி நுழைவது இங்கே.

அந்நாளில் பயன்பட்டது ஷார்ப்பிள்ஸ் மையநீக்கி. உயர்ந்து ஒடுங்கிய குழாய் போன்ற கிண்ணம்; கலங்கல் நீர்மம் கீழிருந்து புகுந்து, சுழலும் சுவரில் புரதத்தை விட்டுவிட்டு, தெளிவாக மேல்வழியே வெளியேறும். ஏறக்குறைய 10 சதமமீற்றர் விட்டமுள்ள குழாய் நிமிடத்துக்கு 15,000 முறை சுழல்வதாகக் கணக்கிட்டுப் பார்த்தால், அதன் சுவரில் ஒரு துகள் உணரும் வலிமை பூமி ஈர்ப்பைப் போல 12,000 மடங்குக்கு மேல் வருகிறது. ஒரு கிராம் எடையுள்ள பொருள் அங்கே 12 கிலோகிராம் போல அழுத்தும். அத்தகைய அழுத்தத்தில் கஞ்சி இறுகிக் களியாகிறது.

ஆனால் வேகத்துக்கும் விலை உண்டு. சுழலும் கிண்ணம் காற்றோடு உராய்கிறது, தாங்கிகள் சூடாகின்றன, புகும் நீர்மம் திடீரென வேகம் பெறும்போதும் வெப்பம் பிறக்கிறது. -5 பாகையில் உள்ளே சென்றது சில பாகை சூடேறி வெளியே வருமானால், விழுந்த புரதத்தின் ஒரு பகுதி மீண்டும் கரைந்து அடுத்த படிக்குத் தப்பிச் செல்லும். மற்றொரு பகுதி கெட்டுப்போகும். எனவே கிண்ணத்தைச் சுற்றிக் குளிர்நீர்மம் ஓடும் உறை வேண்டும். வெளிவரும் நீர்மத்தின் வெப்பநிலையை ஓயாது அளக்க வேண்டும். அடுத்த தொல்லை: குழாய் நிரம்பிவிடும். சில கிலோகிராம் களி சேர்ந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, திறந்து, கையாற் சுரண்டியெடுக்க வேண்டும். பிற்காலத்து இயந்திரங்கள் தாமாகவே களியைத் தள்ளிவிடும் வகையில் அமைந்தன. வேறு பல ஆலைகள், நீர்மத்தில் நுண்ணிய மண்தூளைக் கலந்து வடிகட்டி அழுத்திகளில் பிழியும் முறைக்கு மாறிவிட்டன. இம்மாற்றத்தை மையநீக்கியின் தோல்வியாகக் கொள்வது சரியன்று. பெரிய அளவில் அழுத்தி வசதியானது. பிரிப்பின் தத்துவம் ஒன்றே.

தேங்காய்ச் சக்கையின் ஈரத்தை இப்போது நினைவுகூருங்கள். இறுகிய களியிலும் பெரும்பங்கு நீர்மமே. இம்யூனோகுளோபுலின் களியில் சிக்கிய நீர்மத்தில் அல்புமின் கரைந்திருக்கிறது. அந்த அல்புமின் தன் இடத்துக்குச் சென்று சேராமற் போகிறது. அன்றியும் இம்யூனோகுளோபுலினில் ஒரு மாசாக நின்றுவிடுகிறது. ஆகையால் இழப்பு இரட்டிப்பு. கிண்ணத்தின் வேகத்தைச் சற்று உயர்த்தி, நீர்மம் புகும் விரைவைச் சற்றுக் குறைத்து, களியை மேலும் இறுக்கினால் இரு மருந்தும் ஒருங்கே மேம்படுகின்றன. இத்துறையில் பல ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சியிற் பெரும்பகுதி இந்தச் சிறிய கணக்கைச் சீர்ப்படுத்தியதே என்பது என் எண்ணம். பெரிய கண்டுபிடிப்பு என்று பத்திரிகைகள் எழுதாத வேலை அது.

இந்த இணைப்புக் குருதிக்கு மட்டும் உரியதன்று. தாவரங்களிலிருந்து மருந்துச் சாறு எடுப்போரும் இதனைக் கையாள்கிறார்கள். இலையை வெதுவெதுப்பான மதுசாரத்தில் ஊறவைத்தால் மெழுகும் பச்சையமும் சேர்ந்து கரைந்துவிடும். குளிர்ந்த மதுசாரத்தில் அவை பெரும்பாலும் இலையிலேயே தங்கிவிடுகின்றன. பின்னர் ஊறிய இலையைத் துளையிட்ட கூடையில் சுழற்றினால், அதில் தங்கிய மதுசாரமும் சாறும் வெளியேறுகின்றன. கனடா போன்று சட்டம் இடங்கொடுத்த நாடுகளில் கஞ்சாவிலிருந்து மருந்துச் சாறு எடுக்கும் ஆலைகள் இவ்வழியையே பெரிதும் பின்பற்றுகின்றன. நம் நாட்டில் அது சட்டத்தின் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள். நம் மாவட்டத்திலேயே, கல்லோயாத் திட்டத்தில் எழுந்து, நெடுங்காலம் மூடிக்கிடந்து, 2012இல் மீண்டும் இயங்கத் தொடங்கிய ஹிங்குராண சீனித் தொழிற்சாலையில், சீனிப் பளிங்கையும் வெல்லப்பாகையும் பிரிப்பது மையநீக்கியே. அந்த வெல்லப்பாகைப் புளிக்கவைத்தாற் கிடைப்பதோ நாம் பேசும் மதுசாரம்.

இந்த இடத்தில் இக்கரையோரத்து முஸ்லிம் நேயர்கள் மனத்தில் ஓர் ஐயம் எழக்கூடும்: இம்மருந்துகளில் மதுசாரம் எஞ்சியிருக்குமா? மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி உலமாக்களுக்கே உரியது. இரசாயனத்தின் செய்தியை மட்டும் சொல்லலாம். மதுசாரம் இங்கே மருந்தின் பகுதியன்று, பிரிக்கும் கருவி. இறுதியில் வீழ்படிவை உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தியோ, நுண்சவ்வுகளினூடாகக் கழுவியோ அதை அகற்றிவிடுகிறார்கள். அல்புமினை அதன்பின் 60 பாகையில் 10 மணி நேரம் சூடாக்கி வைரசுகளை அழிக்கிறார்கள். வெந்துபோகாமலிருக்கச் சில காப்புப் பொருள்களைச் சேர்ப்பார்கள். இம்யூனோகுளோபுலின் அவ்வாறு சூடுதாங்காது. மதுசாரமும் குளிரும் மட்டுமே காப்பு என்று நம்பியிருந்த காலத்தில், 1990களின் நடுப்பகுதியில், நாளத்தில் ஏற்றும் ஓர் இம்யூனோகுளோபுலின் வழியே ஹெப்பற்றைற்றிஸ் சீ நோய் பரவியதுண்டு. அதன் பிறகே வைரசுகளைக் கொல்லும் தனிப் படிகள் இதில் உறுதியாக நுழைந்தன.

இனி ஒரு கணக்கு. நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைச் செயலிழக்கச் செய்யும் கில்லன்-பரே என்னும் நோய் ஒருவர்க்கு வந்துவிட்டது என்று கொள்வோம். அவர் 60 கிலோகிராம் எடையுள்ளவர். உடலெடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 2 கிராம் வீதம், மொத்தம் 120 கிராம் இம்யூனோகுளோபுலின் அவருக்கு வேண்டும். ஓர் இலீற்றர் திரவவிழையத்திலிருந்து ஆலையிற் கிடைப்பது ஏறக்குறைய 4 கிராம். ஆகவே 30 இலீற்றர் வேண்டும். ஒரு தானத்துக்கு 220 மில்லிலீற்றர் என்றால், ஏறக்குறைய 136 பேரின் குருதி. மையநீக்கியிலும் வடிகட்டியிலுமாக ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிட்டோமாயின், அதே நோயாளிக்கு 170 பேர் வேண்டும். சக்கையிலே தங்கிய ஈரம் என்று சொன்னது முப்பத்துநான்கு பேர் கையை நீட்டிப் படுத்திருந்த நேரமாகும்.

நம் நாட்டில் ஓராண்டிற் கிடைக்கும் குருதித் தானங்கள் நான்கு இலட்சத்தைத் தாண்டியிருக்கின்றன. அவையனைத்தும் பணம் பெறாத் தொண்டர்கள் அளித்தவை என்பது இலங்கைக்குப் பெருமை தரும் செய்தி. பல செல்வ நாடுகளும் எட்டாத நிலை. அப்படியிருந்தும் அல்புமினையும் இம்யூனோகுளோபுலினையும் நாம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே விலைக்கு வாங்குகிறோம். அதன் ஆபத்தை 2023இற் கண்டோம்: அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் தரமற்றது எனக் கண்டறியப்பட்டு, விடயம் நீதிமன்றம் வரை சென்றது. குளிரும் மதுசாரமும் சுழற்சியும் இவ்வளவு கவனத்தோடு செய்ய வேண்டியதை ஒரு புட்டியின் வெளிப்பூச்சிலே போலியாக ஒட்டிவிடக் கூடுமாயின், தர ஆய்வின் பொருள் என்ன?

அப்படியாயின் நாமே ஓர் ஆலை கட்டலாமே என்று சிலர் கூறுவர். நான் அவசரப்படேன். இத்தகைய ஆலை ஆயிரக்கணக்கான இலீற்றரை ஒரே தொகுதியாகக் கையாள்வது. குறைந்த அளவில் அது கட்டுப்படியாகாது. நான்கு இலட்சம் தானங்களையும் பிரித்தாலும் 90,000 இலீற்றரைச் சுற்றியே திரவவிழையம் வரும்; அதிலும் ஒரு பங்கு வைத்தியசாலைகளில் நேராகவே நோயாளருக்கு ஏற்றப்படுகிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் நியூசிலாந்தும் தம் மக்களின் திரவவிழையத்தை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பி, கூலி கொடுத்துப் பிரித்து, மருந்தாகத் திரும்பப் பெற்றுவந்தன. மக்கள் அளித்தது அம்மக்களுக்கே திரும்பும் இவ்வழி நமக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. வளர்ந்துவரும் நாடுகள் தம் திரவவிழையத்தை வீணாக்காது மருந்தாக்குவது பற்றி உலக சுகாதார நிறுவனமும் 2021இல் வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது.

ஆனால் எந்த ஆலையும் கெட்ட திரவவிழையத்தை ஏற்காது. குருதி எடுத்த ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் அதைச் சுழற்றிப் பிரித்து, -30 பாகைக்குக் கீழே உறையவைத்தால், மென்மையான எட்டாம் உறைதற் காரணியும் சிதையாமல் நிற்கும். சற்றுத் தாமதித்தால் அது குறைந்துவிடும். அல்புமினும் இம்யூனோகுளோபுலினும் ஓரளவு பொறுக்கும். உறையவைத்தது ஆலை வாசல்வரை உருகாமற் செல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்டில் இது எளிய சொல்லன்று. வைத்தியசாலைகளுக்கு மின்பிறப்பாக்கி உண்டெனினும் அதற்கு எரிபொருள் வேண்டும். ஆகவே கொழும்பில் ஆலை எழுமா, வெளிநாட்டுக்கு அனுப்புவதா என்று வாதிடுமுன், கல்முனை போன்ற ஊர்களின் குருதி வங்கிகளில் குளிரூட்டிய மையநீக்கி எத்தனை, ஆழ்குளிர்ப் பெட்டி எத்தனை, முகாம் நடந்த இடத்திலிருந்து அவ்விடத்துக்குப் பை வந்துசேர எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணிப்பார்ப்பது நலம்.